மூன்றாம் ஓலை

எங்கள் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது எழுந்து நின்று ஆட்சேபம் சொன்ன ஆள் ஒரே ஒருத்திதான். அது நான். யாரோ எவரோ கல்யாணத்துக்கு இல்லை, என் சொந்த மகன் தயாளன் கல்யாணத்துக்கு.

ஓலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிறிஸ்தவச் சபையில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார்கள். வாசித்துவிட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்கிற ஐயரும் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்ட மூச்சிலேயே அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்.

நான் ரத்தினபாய். அப்போது தாம்பரத்தில் டி.பி. ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்தேன். தயாளன் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவன் அப்பா போய்விட்டார். தனியாக நின்று பிள்ளை வளர்த்தவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். என் வார்டில் டாக்டர்கள்கூட செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கிறார்கள் என்று ஆயாக்கள் கேலி பேசுவது என் காதுக்கும் வரும். வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆஸ்பத்திரிக்குப் பால் ஊற்றியவர் சின்னப்பன். முடிச்சூரில் எருமைகள் வைத்திருந்தார். எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான். மனைவியை இழந்தவர், ஒரே மகள். அந்த மகள்தான் ஞானஜோதி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வது அறுபத்தெட்டாம் வருஷம். பெண்கள் மாட்டு டாக்டருக்குப் படிப்பதென்றால் வாயைப் பிளந்து பார்க்கிற காலம். பால்காரர் மகள் அங்கே எப்படிப் போனாள் என்று கேட்டால், வில்மட் அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வில்மட் அம்மாள் வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பக்கம் ஊழியம் செய்த மிஷனெரி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். படப்பை, குன்றத்தூர் என்று கிராமம் கிராமமாக மாட்டு வண்டியில் போவாராம். ஒரு மழைக்காலத்தில் வண்டிமாடு நோய் கண்டு நடுவழியில் விழுந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் ஒரு மாட்டு டாக்டர் கிடையாது. அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க மாடு செத்துப்போனது. சீமைக்குத் திரும்புகிறபோது தன் சேமிப்பை எங்கள் சபையிடம் ஒப்படைத்து, நம் பக்கத்துப் பிள்ளை எவராவது மாட்டு வைத்தியம் படித்தால் காலேஜ் சம்பளம், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் இதிலிருந்து கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். சிபாரிசு செல்லாது, பரீட்சை வைத்து முதலாவதாக வருகிற பிள்ளைக்குத்தான்.

எங்கள் ஆட்களுக்குப் பிள்ளை டாக்டராக வேண்டும், இல்லையென்றால் வாத்தியாராக வேண்டும். மாட்டுக்கு வைத்தியம் பார்க்கவா படிக்க வைப்பார்கள்? நிதி பல வருஷம் சும்மா கிடந்தது. அப்புறம் ஒன்றிரண்டு பையன்கள் வாங்கினார்கள். ஞானஜோதி பரீட்சை எழுதிய வருஷம் கூட எழுதியவர்கள் எல்லோரும் பையன்கள். முதலாவது அவள் வந்தாள். சபைக் கமிட்டி செக்ரட்டரி தேவானந்தத்துக்கு நம்பிக்கை வரவில்லை. கேள்வித்தாள் சுலபமாகப் போய்விட்டது என்று ஒரு சாக்குச் சொல்லி மறுபடியும் எழுத வைத்தார். மறுபடியும் அவள்தான் முதல், இந்தத் தடவை இன்னும் அதிக மார்க். அந்த ஞாயிறு அவள் பெயரைக் கோயிலில் அறிவித்தபோது சின்னப்பன் பெருமை தாங்காமல் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கே நான் மனசில் முடிச்சுப் போட்டுவிட்டேன், இந்தப் பெண் என் வீட்டுக்குத்தான் என்று. தயாளன் ராஞ்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருந்தான். சில வருஷம் கழித்து ஒரு கிறிஸ்மஸ் லீவில் வந்தவனிடம் சொன்னேன். பார்த்தான், பேசினான், பிடித்துப்போனது. அவளுக்கும் பிடித்திருந்தது. படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேசி நிச்சயம் செய்தோம். அவளுக்கு அப்போது கடைசி வருஷம் ஒன்று பாக்கி இருந்தது.

மார்ச் மாதம் தயாளன் எழுதினான். கம்பெனி புதிதாக வீடுகள் கட்டியிருக்கிறதாம், கல்யாணமானவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம், மே மாதமே கல்யாணத்தை வைத்துவிடலாம் என்றான். நான் சின்னப்பனைக் கூப்பிட்டு, பெண்ணைக் கேட்டுச் சொல்லுங்கள், படிப்புக்கு இடைஞ்சல் இல்லையென்றால் மட்டும் பார்க்கலாம் என்றேன். மறுநாள் பால் கொண்டு வந்தவர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"அதெல்லாம் கேட்டுட்டேன் சிஸ்டரம்மா. ஒரு பேஜாரும் இல்ல. கண்ணாலம் கட்டிகினு வந்து மிச்சத்தப் படிச்சிகிறேன்னு சொல்லிச்சு."

நம்பினேன். முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாம் ஓலை வாசித்தார்கள். ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் பெண் கோயிலுக்கு வருவது எங்கள் சபையில் வழக்கமில்லை. அதனால் அவள் ஹாஸ்டலிலேயே இருந்தாள். மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, கல்யாணப் புடவையைக் காட்டி ரவிக்கைக்கு அளவு எடுத்து வரலாம் என்று நான் ரயிலேறினேன். எழும்பூரில் இறங்கி, வெயிலில் நடந்து, கல்லூரிக்குப் போய்க் கேட்டால், ஹாஸ்டலில் இல்லை, ஆஸ்பத்திரிப் பக்கம் பாருங்கள் என்றார்கள்.

மாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு கொட்டகையில் கூட்டமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். எருமை ஒன்று பிரசவ வேதனையில் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் ரப்பர் ஏப்ரன் கட்டி, புடவையைத் தூக்கிச் செருகி, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு நின்றவள் ஞானஜோதி. பக்கத்தில் பையன்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். புரொபசர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். எருமைக்காரி எல்லம்மா புளியந்தோப்பிலிருந்து ஓட்டி வந்திருந்தாள். அவள் வாய் ஓயவில்லை.

"இன்னாங்கய்யா இது, பொம்பளப் புள்ள கைய வுட்டுகினு கீது, ஆம்பளைங்க வேடிக்க பாத்துகினு கீறீங்க. யம்மா, கன்னு உசுரோட கீதா?"

"கீதும்மா. முன்னங்கால் மடங்கிக்கினு இருக்கு. கொஞ்சம் பொறு," என்றாள் ஞானஜோதி. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

டி.பி. வார்டுக்கு வருவதற்கு முன்னால் நான் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். வயிற்றுக்குள் பிள்ளை மாறிக் கிடந்தால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தரிடம் நான் இருந்திருக்கிறேன். அவருக்கு வந்த நிதானம் இந்தப் பெண் முகத்தில் இருந்தது. எருமை முக்கும்போது காத்திருந்தாள், அது விட்டபோது தள்ளினாள். ஒரு தடவை உதட்டைக் கடித்துக்கொண்டாள், கை உள்ளே நெரிபட்டிருக்கும். அப்புறம் கண்ணைத் திறந்து, "கால் வந்துடுச்சு. இப்ப இழுங்க. மெதுவா. நான் சொல்றப்ப மட்டும்," என்றாள். அவ்வளவு பெரிய பையன்கள் அவள் சொன்னபோது இழுத்தார்கள், நிறுத்து என்றபோது நிறுத்தினார்கள். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் வந்து விழுந்தது. வாயில் இருந்த கோழையை அவள் துடைத்து, மூக்கில் வைக்கோலால் கிளறினாள். கன்று தும்மியது. எல்லம்மா அழுதுவிட்டாள். நானும்தான்.

"உன்ன கட்டிக்கப் போறவன் குடுத்து வச்சவன்," என்றாள் எல்லம்மா. ஞானஜோதி வாளித் தண்ணீரில் கை கழுவப் போனாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"அத்தை, கிட்ட வராதீங்க. புடவையெல்லாம் ஆயிடும்."

"ஆகட்டும் போ. எப்பேர்ப்பட்ட வேலைடி பண்ணினே," என்றேன்.

ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். கல்யாணப் புடவையைப் பிரித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள். சந்தோஷமான பெண் சொல்கிற மாதிரி இல்லை.

"என்ன, கலர் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. நாளையோட இங்க முடியுது இல்லையா, அதான் ஒரு மாதிரியா இருக்கு."

"என்ன முடியுது?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? வில்மட் அம்மாள் போட்ட நிபந்தனை. பெண்பிள்ளை வாங்கினா, மூணாம் ஓலை வாசிக்கிற நாளோட உதவி நின்னுடும். புருஷன் வந்துட்டா படிப்பு நடக்காதுன்னு நினைச்சிருப்பாங்க. நாளைக்கு வாசிச்சாங்கன்னா, கடைசி வருஷத்துக்கு எனக்கு ஒண்ணும் கிடையாது. அப்பா கையெழுத்துப் போட்டுத்தானே சேர்த்தார்."

பெண்களே வாங்காத நிதி. அதில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது கமிட்டியைத் தவிர யாருக்குத் தெரியும்?

"பேஷ். அப்புறம் எதுக்கு சரின்னு சொன்னே?"

"நான் எங்க சொன்னேன்? முதல் ஓலை வாசிச்ச அப்புறம்தான் அப்பா வந்து விஷயத்தையே சொன்னார். நீங்கதான் அவசரப்படுறீங்க, மறுத்தா சம்பந்தம் போயிடும்னார். அவருக்கும் எழுதிக் கேட்டேன். படிச்ச வரைக்கும் போதும், இங்க வீடு காத்துக்கிட்டிருக்குன்னு எழுதியிருக்கார்."

அவர் என்று அவள் சொன்னது என் மகனை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, "கடைசி வருஷத்துக்கு நான் கட்டுறேன். என் சம்பளம் போதும்," என்றேன்.

"வேண்டாம் அத்தை." தலையை நிமிர்த்தினாள். "இது யாரும் பாவம் பார்த்துக் குடுத்தது இல்ல. ரெண்டு தடவை பரீட்சை எழுதி நான் எடுத்தது. எருமை மேய்க்கிறவர் பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்னு சொன்னவங்க முன்னாடி எடுத்தது. அதை விட்டுட்டு இன்னொருத்தர் காசுல படிக்கணும்னா எனக்கு மனசு வராது."

அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்தது. கையெல்லாம் எருமை நாற்றத்தோடு உட்கார்ந்துகொண்டு என்ன கம்பீரமாகப் பேசினாள் தெரியுமா.

"உனக்கு என்ன வேணும்? அப்பாவை விடு, என்னை விடு. உனக்கு."

"பரீட்சை எழுதணும். டாக்டராகணும்."

"அப்போ அப்பாகிட்ட முடியாதுன்னு சொல்லு."

"சபை முன்னாடி அப்பாவைத் தலைகுனிய வைக்க மாட்டேன், அத்தை. அது மட்டும் என்னால முடியாது." இதைச் சொல்லும்போதுதான் அவள் கண் கலங்கியது.

புடவையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ரயிலில் தாம்பரம் வரும்வரை எனக்கு நானே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன் போலிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

நேராக முடிச்சூர் போனேன். சின்னப்பன் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னா சிஸ்டரம்மா, சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"பொண்ணைக் கேட்டேன்னு சொன்னீங்களே. எப்போ கேட்டீங்க?"

கூடையைக் கீழே வைத்தார். "கேட்டா வேணான்னு சொல்லும். அதான் கேக்கல."

"நல்ல நியாயம்."

"நீங்க கோச்சிக்காதீங்க. நான் எரும மேய்க்கிறவன். உங்க வூட்டு சம்பந்தம் தானா தேடி வந்துச்சு. ஒரு வருசம் தள்ளிப்போட்டு, உங்க புள்ள வேற எடம் பாத்துகினா நான் இன்னா பண்றது? மாட்டு டாக்டர் பொண்ண எவன் கட்டிக்குவான் சொல்லுங்க."

மனிதர் பயந்துபோயிருந்தார். திட்ட வந்த எனக்குப் பாதி வேகம் போய்விட்டது. ஓலையை நிறுத்தச் சொல்லி ஒரு கையெழுத்துப் போடுங்கள், என் மகனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ரெண்டு ஓல வாசிச்ச பொண்ணு, சிஸ்டரம்மா. நடுவுல நின்னா ஊரு இன்னா பேசும்? நான் போட மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அங்கிருந்து ஐயர் வீடு. அவர் மறுநாள் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், ஆனால் சட்டம் சட்டம் என்று உயிரை விடுகிறவர்.

"ஓலை கொடுத்தது உங்க மகனும் சின்னப்பனும், சிஸ்டர். அவங்க ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்தா நிறுத்தலாம். நீங்க சொல்லி நான் நிறுத்த முடியாது."

"அவன் ராஞ்சியில இருக்கான், இவர் மாட்டேங்குறார். வேற வழியே இல்லையா?"

"ஒரே ஒரு வழிதான். சபையில எழுந்து ஆட்சேபம் சொல்லணும். சொன்னா, கமிட்டி ரெண்டு பக்கத்தையும் நேர்ல கூப்பிட்டு விசாரிக்கணும். அதுவரைக்கும் ஓலை நிக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அதை யார் செய்வாங்க?"

"சரி ஐயரே, வர்றேன்," என்று எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். சின்னப்பன் புது வேட்டி கட்டி வந்திருந்தார். முன்வரிசையில் தேவானந்தம். அவருடைய மச்சினர் மகன் அந்த வருஷம்தான் வேப்பேரியில் சேர்ந்திருந்தான், ஞானஜோதிக்குப் போகிற நிதி எப்போது அவன் பக்கம் திரும்பும் என்று அவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அறிவிப்பு வேளை வந்தது. ஐயர் தயாளன் பெயரை வாசித்தார், ஞானஜோதி பெயரை வாசித்தார், இது மூன்றாம் முறை என்றார், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லலாம் என்று மூச்சு விடாமல் கேட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

"எனக்குத் தெரியும், ஐயரே," என்று எழுந்தேன்.

ஜெபத்தில்கூட இருமுகிறவர்கள் அன்றைக்கு இருமவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கங்கையம்மாள் பக்கத்துப் பெண்ணிடம், "ஹாஸ்டல்ல தனியா இருந்த பொண்ணாச்சே, என்னவோ நடந்திருக்கு," என்று சொன்னது காதில் விழுந்தது. சுருக்கென்றது. அதை நான் யோசிக்கவேயில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து ஆட்சேபம் சொன்னால் பெண் மேல்தானே பழி விழும்? ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அந்தப் பிள்ளையின் பெயர் நாறிவிடும். படிப்பைக் காப்பாற்ற வந்தவள் மானத்தைக் கெடுத்துவிட்டுப் போனேன் என்று ஆகிவிடும்.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றேன். வார்டில் பேசுகிற குரல் தானாக வந்தது. "பொண்ணு மேல ஒரு குறையும் இல்லை. அந்த மாதிரி ஒரு பொண்ணு இந்தச் சபையில இல்லை. தடை இருக்கிறது என் மகன்கிட்டதான்."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தடை, சிஸ்டர்?"

"அவனுக்குப் பொறுமை இல்லை. படிப்பு முடியட்டும்னு வாக்குக் குடுத்தான். இப்ப ஒரு வருஷம் காத்திருக்க முடியலையாம். வாக்குத் தவறினவனுக்குப் பொண்ணு குடுக்கக் கூடாது. அவனைப் பெத்த நான் சொல்றேன்."

தேவானந்தம் எழுந்தார். "ஐயரே, இதெல்லாம் தடையில சேராது. ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கணும், இல்லைன்னா நெருங்கின சொந்தமா இருக்கணும். நீங்க மேல வாசிங்க."

"சேருமா சேராதான்னு விசாரிச்சுத்தானே சொல்லணும், செக்ரட்டரி சார்? விசாரிக்காமலே உங்களுக்குத் தெரியும்னா, வாராவாரம் எங்களை எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன். பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "ரெண்டு தடவை பரீட்சை வச்சீங்க, ரெண்டு தடவையும் முதலாவதா வந்து நிதியை எடுத்த பொண்ணு அது. நேத்து வேப்பேரிக்குப் போயிருந்தேன். செத்துப்போக இருந்த எருமையையும் கன்னுக்குட்டியையும் என் கண் முன்னால காப்பாத்தினா. நம்ம சபை ஒரு டாக்டரை வளர்த்துக்கிட்டிருக்கு. இன்னைக்கு மூணாம் ஓலை வாசிச்சா அதோட அந்த நிதி நின்னுடும், கடைசி வருஷத்துல கையை விட்டுடுவோம். அது எனக்குச் சம்மதமில்லை. அவ்வளவுதான்."

ஐயர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். முந்தின நாள் வழியைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே. "ஆட்சேபம் ஏற்கப்படுகிறது. விசாரணை முடியும்வரை இந்த ஓலை நிற்கும்," என்று அறிவித்தார். பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். நான் உட்கார்ந்து, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடினேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? அடக்கமாக இருக்க வேண்டும் என்று அதே கோயிலில் ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் முடியவில்லை.

சின்னப்பன் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு பாலை ஆயாவிடம் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். ஞானஜோதி செய்தி கேட்டு மறுநாளே வீட்டுக்கு வந்தாள். நன்றி, அது இது என்று ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டாள்.

"அவருக்குக் கோபம் வரும் இல்ல?" என்றாள்.

"வரும்."

"எனக்கு அவரைப் பிடிச்சிருந்தது, அத்தை." கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "இருந்தாலும் நான் படிப்பேன்."

மே மாதம் கல்யாணத்துக்கு என்று எடுத்த லீவில் தயாளன் வந்தான், விசாரணைக்கு. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"ஊர் முன்னாடி என் பேரை நாறடிச்சிட்டீங்கம்மா."

"பொறுமை இல்லைன்னு சொன்னேன். இருக்குன்னு காட்டு. ஒரு வருஷம்தானே."

"வீடு போயிடும்."

"வீடு இன்னொண்ணு வரும். இந்த மாதிரிப் பொண்ணு வராது."

"உங்களுக்கு மகன் முக்கியமா, அந்த மாட்டு டாக்டர் முக்கியமா?"

"மகன்தான். அதனாலதான் அவன் ஒரு பொண்ணோட படிப்பைக் கெடுத்தான்னு பேர் வராம பார்த்துக்கிட்டேன்," என்றேன். அவன் கேட்கவில்லை. என் பிடிவாதம் அவனுக்கும் இருக்கும்தானே. விசாரணைக்குப் போய், எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினான். கிறிஸ்மஸுக்கு முன்னால் ராஞ்சியிலேயே கூட வேலை பார்க்கிறவர் மகள் பேபியைக் கல்யாணம் செய்துகொண்டான். போய் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வந்தேன். பேபி தங்கமான பெண், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வருகிற ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அந்தப் பெண் என் வீட்டுக்கு வரவில்லையே என்று அழுதேன்.

நிதி விஷயத்தில் தேவானந்தம் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். மூன்றாம் ஓலையும் பாதி வாசித்தாயிற்றே, கணக்குப்படி உதவி நின்றுபோனதுதான் என்று கமிட்டியில் பேசினாராம். பாதி ஓலைக்குப் பாதிக் கல்யாணம் செய்து வைக்கச் சொல்கிறீர்களா என்று ஐயர் கேட்டாராம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஞானஜோதி கடைசி வருஷமும் வில்மட் அம்மாள் நிதியிலேயே படித்தாள்.

பரீட்சை முடிவு வந்த வாரம், சின்னப்பன் பாலை ஆயாவிடம் கொடுக்காமல் நேராக என் வார்டுக்கு வந்தார். தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"புள்ள பாசாயிடுச்சு சிஸ்டரம்மா. தங்க மெடலு வேற குடுக்குறாங்களாம்."

"எனக்கு நேத்தே தெரியும். போன் பண்ணினா."

"அன்னிக்கி நான் கையெழுத்து போட்டிருக்கணும்."

"ஆமா, போட்டிருக்கணும். போட்டிருந்தா நான் அவ்வளவு பேர் முன்னாடி தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டாம்," என்றேன். அவர் சிரித்தார். இத்தனை நாளுக்கு அப்புறம் அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு லேசானது.

பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு பாஸ்தான். ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்றை எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலில் கோட்டு போட்ட ஒருத்தர் ஒவ்வொருவராகக் கேட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். ஞானஜோதி கறுப்பு அங்கியில் எங்களை வாசல்வரை கூட்டி வந்தாள். அங்கி அவளுக்குக் கொஞ்சம் பெரியதுதான். ஆனால் அவள் நடந்து வந்த நடையில் அது ஒருத்தர் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

"பாஸ் பெற்றோருக்கு மட்டும்தான். இவர் அப்பா, சரி. நீங்க அம்மாவா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

அம்மா இல்லை, மாமியாரும் இல்லை, அத்தை என்று சொல்லவும் எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சின்னப்பன்தான் உதவிக்கு வந்தார். "அது வந்து சார், இவங்க இன்னான்னா..." என்று ஆரம்பித்து அவரும் நின்றுவிட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. திரும்பிப் போய்விடலாம் என்று நான் பாஸை மடித்தேன்.

ஞானஜோதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இவங்க என் கல்யாணத்தை நிறுத்தினவங்க," என்றாள்.

எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அந்த மனிதர் அவள் முகத்தைப் பார்த்தார், மெடலுக்காக அங்கியில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. பாஸைக் கிழித்துப் பாதியைக் கையில் கொடுத்து, "உள்ள போங்கம்மா, முன்னாடி இடம் இருக்கு," என்றார்.

போய் முன்னாடியே உட்கார்ந்தேன்.